எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னைக்கு வரும் சொந்தக்காரர்கள் கடற்கரை பார்ப்பார்கள், கோயில் பார்ப்பார்கள், தி.நகர் போவார்கள். எழும்பூர் மியூசியத்துக்கு வாங்க என்று கூப்பிட்டால், "அங்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் (வெண்கலச் சிலைகள்), அமராவதியின் பௌத்தக் கற்கள், ஆதிச்சநல்லூர்த் தாழிகள், திமிங்கல எலும்புக்கூடு எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. வரலாறும் அறிவியலும் சேர்ந்த இப்படி ஓர் இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பேன். ஆனால் உள்ளே போனவர்களில் பாதிப் பேர் கால் வலியோடு, எதைப் பார்த்தோம் என்று சொல்லத் தெரியாமல் திரும்புகிறார்கள். இடம் அவ்வளவு பெரியது, அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவும் ஆள் இல்லை.

ஊரிலிருந்து வந்தவர்களையும் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் போய், எது எங்கே, எதற்கு எவ்வளவு நேரம் என்று தட்டித் தடவித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது. உலகத்தில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். அதே பழக்கத்தில் திங்களைத் தவிர்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். மூட்டை முடிச்சோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடிய கேட்டின் முன்னால் வாட்ச்மேனிடம் கெஞ்சும் வெளியூர்க் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

"சரி, இது இல்லாவிட்டால் கோட்டை மியூசியத்துக்குப் போகலாம்" என்று ஆட்டோவைத் திருப்பாதீர்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. ஆக, சென்னையில் வெள்ளிக்கிழமையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியைத் தவிர ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தேசிய விடுமுறைகளிலும் திறப்பதில்லை. பள்ளிக்கு லீவு என்பதால் அன்றைக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தோன்றும். எனவே தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து வரை நேரம். இந்த ஐந்து மணி என்பது நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டிய நேரம். நாலரைக்கு மேல் உள்ளே போனால் எந்தக் கூடத்தையும் நின்று பார்க்க முடியாது, காவலர் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருவார். காலையில் திறந்ததும் போவதுதான் நல்லது. செவ்வாய், புதன், வியாழனில் காலை பத்து மணிக்குச் செப்புத் திருமேனிக் கூடத்தில் சில சமயம் உங்களைத் தவிர யாருமே இருக்க மாட்டார்கள். கோடை விடுமுறை ஞாயிறுகளில் அதே கூடத்தில் ஒரு சிலையின் முன் நிற்கவும் இடம் கிடைக்காது.

2. எதைப் பார்ப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

வளாகம் பதினாறு ஏக்கருக்கும் மேல். தனித்தனிக் கட்டடங்கள், உள்ளே 40-க்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். முதல் கட்டடத்தில் முதல் அறையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள், முக்கியமான இடத்துக்கு வந்து சேரும்போது மதியம் இரண்டு மணி ஆகியிருக்கும். பசி, தாகம், கால் கடுப்பு. அப்புறம் உலகப் புகழ்பெற்ற நடராசரே முன்னால் நின்றாலும் கண் பார்க்காது.

என் யோசனை இதுதான்: ஒரு நாளில் மூன்று பகுதிகளுக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் மட்டும் போனால் செப்புத் திருமேனிகளும் அமராவதிக் கற்களும். பிள்ளைகளோடு போனால் விலங்கியல் கூடம், திருமேனிகளில் ஒரு பத்து, கடைசியில் சிறுவர் அருங்காட்சியகம். வரலாற்று மாணவர்கள் என்றால் கற்கருவிகள், ஆதிச்சநல்லூர், நாணயங்கள். மீதியை இன்னொரு நாள் வந்து பார்க்கலாம், உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவுச்சீட்டு பெரிய செலவில்லை.

பிள்ளைகளிடம் "சயின்ஸ் மியூசியம்" என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். பொத்தானை அழுத்தினால் சுற்றும், கைப்பிடியைத் திருப்பினால் விளக்கு எரியும் என்ற எதிர்பார்ப்போடு வருவார்கள். இங்கே இருப்பது விலங்கு, செடி, பாறை, புதைபடிவம் என்று சேகரித்து வைத்த இயற்கை அறிவியல். தொட்டுப் பார்க்கும் அறிவியல் வேண்டுமென்றால் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டு இடத்தையும் ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகள் அழுவார்கள். வேறு நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

சாதாரணமாகப் பார்க்கப் போகிறவருக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. டிக்கெட் வாங்கினால் போதும். மூன்று வகைப் பேர் மட்டும் கவனிக்க வேண்டும்.

மாணவர்கள்: சலுகை கேட்பதாக இருந்தால் நடப்பு ஆண்டுக் கல்லூரி அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். ஃபோனில் இருக்கும் மங்கலான படத்தைக் காட்டி வாதாடுவதைவிட அட்டையையே எடுத்துப்போவது சுலபம். சலுகை பெரும்பாலும் கல்விச் சுற்றுலாவாகக் குழுவாக வருவோருக்குத்தான், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுத் தமிழர்கள்: இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கட்டணம். அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளையோடு வரும் தாத்தா பாட்டிக்கு இது கவுன்டரில்தான் தெரியவரும். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உள்ளவர்களுக்கு அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் இந்தியருக்கான அதே நுழைவுக் கட்டணம் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதனால் அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள், டிக்கெட் கிழிப்பதற்கு முன்பே காட்டிக் கேளுங்கள். கிழித்த பிறகு மாற்றித் தரச் சொல்வது எந்த அரசு கவுன்டரிலும் எளிதில்லை.

ஆய்வாளர்கள்: உங்களுக்குக் கடிதம் வேண்டும். அதற்கு 10-ஆம் பகுதியைப் பாருங்கள்.

4. பணக் கணக்கு

நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாறும், கவுன்டர் அருகே பலகையில் எழுதியிருப்பதே கணக்கு. இந்தியப் பெரியவருக்கான டிக்கெட் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்குள் அடங்கிவிடும். செலவு வருவது கேமராவில்தான். படம் எடுக்கத் தனிக் கட்டணம், வீடியோவுக்கு அதைவிட அதிகம். கேமராச் சீட்டு ஆள் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு என்பதால், வீட்டில் ஆளுக்கொரு கேமரா எடுத்து வராமல் ஒன்று போதும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சில்லறை வைத்திருங்கள். ஃபோனில் பணம் அனுப்பலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி, சில்லறைக்காகப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகமும் மியூசியம் தியேட்டரும் இருக்கின்றன. நூலகம் தனி நிறுவனம், அதற்குத் தனி வாசல், தனி விதி. அருங்காட்சியக டிக்கெட் அங்கே செல்லாது.

5. போய்ச் சேர்வது

முகவரி: அரசு அருங்காட்சியகம், பாந்தியன் சாலை, எழும்பூர். மேப்பில் வெறும் "மியூசியம்" என்று தேடினால் கோட்டையில் ஒன்று, பெரம்பூர் பக்கம் ரயில் அருங்காட்சியகம் ஒன்று என்று பலதும் வரும். சாலைப் பெயரோடு தேடுங்கள். வயதான ஆட்டோக்காரர்களிடம் "செத்த காலேஜ்" என்றாலே புரியும். பாடம் பண்ணிய விலங்குகள் இருப்பதால் பழைய சென்னைக்காரர்கள் வைத்த பெயர் அது. மிருகக்காட்சிசாலை அவர்களுக்கு "உயிர் காலேஜ்".

மெட்ரோ என்றால் பச்சை வழித்தடத்தில் எழும்பூரில் இறங்குங்கள். மின்சார ரயிலும் அதே எழும்பூர்தான். அங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம். வெயிலில் பெரியவர்களோடு நடக்க வேண்டாம், ஷேர் ஆட்டோவோ ஆட்டோவோ எடுங்கள்.

தென் மாவட்டங்களிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடிகாலையில் இறங்கிவிடுவீர்கள், மியூசியம் ஒன்பதரைக்குத்தான் திறக்கும். பெட்டியோடு நேரே வந்து வாசலில் உட்காராதீர்கள். பெரிய பைகளோடு காட்சிக்கூடத்துக்குள் போக முடியாது, போனாலும் நீங்கள் சிலையைப் பார்க்க மாட்டீர்கள், பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரயில் நிலைய கிளோக் ரூமில் வைத்துவிட்டு வாருங்கள். அங்கே பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், பயணச்சீட்டையும் கேட்பார்கள். ஒரு சின்னப் பூட்டை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, குடை கட்டாயம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அதே நடை வெயிலில்.

6. வாசலில் முதல் பத்து நிமிடம்

டிக்கெட் வாங்கியதும் உள்ளே பாயாதீர்கள். கவுன்டரிலோ காவலரிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு எந்தெந்தக் கட்டடம் திறந்திருக்கு? வெண்கலச் சிலைக் கட்டடம் எந்தப் பக்கம்?" பழைய கட்டடங்கள், பராமரிப்பு வேலை ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்க வந்த கூடம் அன்றைக்கு மூடியிருந்தால் அது காலையிலேயே தெரிவது நல்லது, உங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கட்டடத்துக்குக் கட்டடம் கேட்பார்கள். கழிப்பறையும் குடிநீரும் எங்கே என்று அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொட்டலத்தைக் கூடத்துக்குள் பிரிக்கக் கூடாது. வெளியே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், இலையையும் தாளையும் எடுத்துப்போய்க் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

வளாகத்திலிருக்கும் சிவந்த கல் கட்டடம் தேசிய ஓவியக் கூடம், ஹென்றி இர்வின் வடிவமைத்தது. அதுவும் அன்று திறந்திருக்கிறதா என்று அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். மூடியிருந்தாலும் வெளியே நின்று அதன் முகப்பைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

7. செப்புத் திருமேனிகளை முதலில் பாருங்கள்

காலையில், கண்ணும் காலும் சோராதபோது இங்கேதான் முதலில் போக வேண்டும். தனிக் கட்டடம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எல்லாச் சிலைகளையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு தடவை மெதுவாகச் சுற்றிவிட்டு, உங்களுக்குப் பிடித்த நான்கைந்தின் முன்னால் நில்லுங்கள். எவற்றின் முன் நிற்பது என்று கேட்டால் நான் சொல்வது இவை.

திருவாலங்காட்டு நடராசர். நாம் எல்லோரும் நாட்காட்டியில் பார்த்துப் பழகிய நடராசருக்கு நெருப்பு வளையமாகத் திருவாசி இருக்கும், சடை இருபுறமும் விரிந்து பறக்கும். இவரிடம் அந்த இரண்டும் இல்லை. அதனாலேயே உடலின் நிற்கும் விதம் முழுசாகத் தெரிகிறது. முயலகன் மேல் ஊன்றிய வலது காலைப் பாருங்கள், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். பாரம் முழுக்க அந்தக் காலில். தூக்கிய இடது காலை முன் இடது கை சுட்டிக்காட்டும். நேர் எதிரே பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கவாட்டில் நின்று முதுகின் வளைவையும் பாருங்கள்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். கைகளை எண்ணச் சொல்லுங்கள் பிள்ளைகளை. மூன்றுதான். சிவன் பாதியான வலப்பக்கம் இரண்டு, உமை பாதியான இடப்பக்கம் ஒன்று. ஒரு பக்கம் தோள் அகன்று இறங்குகிறது, மறுபக்கம் இடுப்பு வளைந்து விலகுகிறது. இரண்டும் எந்த இடத்தில் சேருகின்றன என்று தேடினால் கிடைக்காது. அந்தச் சிற்பியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் எனக்கு.

நாகப்பட்டினத்துப் புத்தர்கள். சோழநாட்டுத் துறைமுகத்தில் பௌத்தமும் செழித்திருந்ததற்குச் சாட்சி. தலை உச்சியில் ஒரு சுடர் இருக்கும், அதைக் கவனியுங்கள். நாகப்பட்டினத்துச் சிலைகளின் முக்கிய அடையாளம் அது.

எந்தச் சிலையானாலும் கீழே பீடத்தையும் பாருங்கள். துளைகளோ வளையங்களோ இருக்கும். திருவிழாவில் சிலையைக் கட்டி, கழி செருகித் தோளில் தூக்கிப்போக வைத்தவை. இவை ஒரு காலத்தில் பட்டும் பூவும் சாத்தி வீதியுலா வந்த உற்சவ மூர்த்திகள் என்பது அந்தத் துளையைப் பார்த்ததும் மனதில் படும். இன்னொரு விஷயம்: சோழர் காலத் திருமேனிகள் மெழுகில் செய்து, களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தவை. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று.

கண்ணாடிப் பெட்டியின் மேல் சாயாதீர்கள். சிலர் பக்தியில் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், பூவோ காசோ வைப்பார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவையுங்கள், உள்ளே போய்ச் சத்தம் போடும்படி ஆகக் கூடாது.

8. அமராவதிக் கூடம்

பலர் தாண்டிப்போய்விடும் இடம். ஆந்திராவின் அமராவதியில் இருந்த பெரிய தூபத்தின் (ஸ்தூபி, பௌத்தர்கள் வழிபட்ட குவிமாடக் கட்டுமானம்) சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. இதே தூபத்தின் கற்களில் ஒரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க விசா, விமான டிக்கெட் எல்லாம் வேண்டும். இங்கே முக்கால் மணி நேரம் போதும்.

உள்ளே போனதும் முதலில் தூபத்தின் உருவமே செதுக்கிய ஒரு பலகையைத் தேடுங்கள். தூபம் இப்போது முழுசாக இல்லை. ஆனால் அது எப்படி இருந்தது என்று அதன் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டால் மற்றக் கற்கள் எங்கே பொருந்தியிருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

அடுத்து நளகிரி யானை இருக்கும் வட்டக் கல். புத்தரைக் கொல்ல மதம் பிடித்த யானையைத் தெருவில் அவிழ்த்துவிட்ட கதை. ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு தடவை வருகிறது: ஒரு பக்கம் ஆட்களை வாரி இறைத்துக்கொண்டு ஓடிவருகிறது, இன்னொரு பக்கம் புத்தர் முன்னால் மண்டியிட்டிருக்கிறது. மேலே மாடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களின் முகங்களை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளிடம் கதையைச் சொல்லாமல், "எத்தனை யானை?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு என்பார்கள். "ஒண்ணுதான்" என்று சொல்லுங்கள், அப்புறம் அவர்களே கதையைக் கண்டுபிடிப்பார்கள்.

சில கற்களில் புத்தர் உருவமே இருக்காது. காலி ஆசனம், பாதச் சுவடு, போதி மரம் இவைதான் அவரைக் குறிக்கும். இது தெரியாமல் பார்த்தால் காலி நாற்காலியை ஏன் கும்பிடுகிறார்கள் என்று குழப்பமாக இருக்கும்.

9. விலங்கு, பாறை, கற்கருவி

விலங்கியல் கூடத்தில் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்காமல் பிள்ளைகள் நகர மாட்டார்கள். பாடம் பண்ணிய விலங்குகளும் பறவைகளும் பழையவை, சில மங்கியிருக்கும். மிகச் சின்னப் பிள்ளைகள் சிலர் பயப்படுவார்கள், தூக்கிக்கொள்ளுங்கள்.

தொல்பழங்காலப் பகுதியை நான் வற்புறுத்திச் சொல்வேன். பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த பிறகுதான் இந்தியாவின் கற்கால மனிதனைப் பற்றிய தேடல் தொடங்கியது. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை 1904-இல் சென்னை அரசு வாங்கி இந்த அருங்காட்சியகத்தில் சேர்த்தது. கைக்கோடரியைப் பார்க்கும்போது உங்கள் உள்ளங்கையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நீட்டிப் பாருங்கள். அந்தக் கல்லின் பருத்த பக்கம் எங்கே பொருந்தும், கூர் எந்தப் பக்கம் நீளும் என்று கை தானாகவே சொல்லும். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருட்களும் இந்த அருங்காட்சியகத்தில்தான் சேர்ந்தன. தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள், உங்கள் ஊர்ப் பொருள்.

படம் எடுப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷ் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம். துணி, ஓவியம், பாடம் பண்ணிய தோல் எல்லாம் வெளிச்சம் பட்டுப் பட்டே நிறம் போகும், போன நிறம் திரும்பாது. ஃபோனுக்குச் சீட்டு வேண்டுமா என்று கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள், உள்ளே போனபின் தகராறு வராது. ஒவ்வொரு சிலையையும் எடுத்தவுடன் அதன் பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபிறகு எது எந்த ஊர்ச் சிலை என்று உங்களுக்கே தெரியாது.

10. பள்ளிக் குழுவாகவோ ஆய்வுக்காகவோ போனால்

பள்ளிக் குழுவுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள, பள்ளியின் லெட்டர்ஹெட் கடிதம் வேண்டும். அதில் தேதி, மாணவர் எண்ணிக்கை, வகுப்பு, உடன் வரும் ஆசிரியர் பெயர், அவர் ஃபோன் எண் இருக்கட்டும். எண்ணிக்கையை எழுத்திலும் எண்ணிலும் எழுதுங்கள். இரண்டு நகல், ஒன்றில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு வாரம் முன்னாலேயே கொடுத்துவிட்டு, வழிகாட்ட ஆள் கிடைப்பாரா என்றும் கேளுங்கள். இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது குறைந்தபட்சம். அறுபது பேரை ஒரே கூடத்துக்குள் விட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மூன்றாகப் பிரித்து வெவ்வேறு கட்டடத்தில் தொடங்குங்கள். கையில் வினாத்தாள் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதுவார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, பிடித்த ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள்.

ஆய்வாளர்கள் காட்சியில் இல்லாத சேமிப்புப் பொருளைப் பார்க்கவோ வெளியீட்டுக்குப் படம் பெறவோ வேண்டுமானால், அருங்காட்சியகங்கள் துறைத் தலைமைக்கு முறையான கடிதம் எழுத வேண்டும். வழிகாட்டியின் பரிந்துரை, கல்லூரி அடையாள அட்டை நகல், ஆய்வுத் தலைப்பு, எந்தெந்தப் பொருள் என்ற பட்டியல் இணையுங்கள். "நாணயங்கள் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பதில் வர நாளாகும். பழைய பட்டியல் நூல்களைக் கன்னிமாராவில் புரட்டி, பொருளின் பதிவெண்ணைக் கண்டுபிடித்து எழுதினால், எடுத்துத் தருகிறவருக்கும் வேலை எளிது. சனி, ஞாயிறில் கூடம் திறந்திருக்கும் என்பதற்காக அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரியும் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். வெள்ளியும் போய்விட்டால், அலுவலக வேலைக்குத் திங்களிலிருந்து வியாழன் வரைதான் கணக்கு. ஊரிலிருந்து வருகிறவர்கள் ஞாயிறு இரவு ரயில் ஏறுங்கள்.

11. சென்னைக்கு வர முடியாதவர்களுக்கு

இதே துறையின் அரசு அருங்காட்சியகங்கள் புதுக்கோட்டை, மதுரை உட்படப் பல மாவட்டங்களில் இருக்கின்றன. மேலே சொன்ன முறை அங்கேயும் செல்லும். சின்ன இடங்கள் என்பதால் இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம், அங்குள்ள பொறுப்பாளரோடு நின்று பேசவும் முடியும். மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வெள்ளியோடு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. மே 18 உலக அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்தச் சமயத்தில் சிறப்புக் கண்காட்சியோ பேச்சோ நடக்கும். முந்தின வாரமே ஃபோன் செய்து கேட்டு, அந்த நாளுக்குத் திட்டமிடுங்கள்.